ஒற்றைப் போனுக்கு வண்டி வராது: பழைய கைபேசிகளும் கிருஷ்ணன்கோவிலும்

மதுரை–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே வத்திராயிருப்பு சாலை பிரியும் இடத்தில் இருக்கிறது கிருஷ்ணன்கோவில். மேற்கே மலை, சுற்றிலும் தென்னந்தோப்பும் கண்மாயும். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் கலசலிங்கம் இங்கேதான் இருக்கிறது. படிக்க வரும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கையிலும், தோப்பு வேலைக்குப் போகும் பெண்கள் கையிலும் இன்று கைபேசி உண்டு. புதுப் போன் வாங்கவும், ரீசார்ஜ் செய்யவும், உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றவும் எங்கே போவது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உயிர் போன ஒரு போனை நம்பிக்கையோடு எங்கே கொடுப்பது என்று கேட்டால், பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரியாது.

இந்த நிலை கிருஷ்ணன்கோவிலுக்கு மட்டும் உரியதன்று. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தமிழகத்தின் எந்தச் சிற்றூரிலும் இதுதான் நிலை. பழைய கைபேசியைப் பொறுப்போடு அகற்றுவதற்குச் சட்டமும் தொழில்நுட்பமும் நம்மிடம் இருக்கின்றன. வீட்டுக்கும் மறுசுழற்சி ஆலைக்கும் நடுவில் சேர்த்து வைக்கும் இடம் ஒன்றுதான் இல்லை. அந்த இடத்தை ஊர் அளவில் உருவாக்காமல் மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று குறை சொல்வதில் பயனில்லை.

பீரோவில் கிடப்பவை

2008இல் நோக்கியா நிறுவனம் இந்தியா உட்பட 13 நாடுகளில் 6,500 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பழைய போனை என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு 44 சதவீதம் பேர் வீட்டில் சும்மா கிடக்கிறது என்றார்கள். மறுசுழற்சிக்குக் கொடுத்தவர்கள் 3 சதவீதம் பேர்தான். கைபேசியை மறுசுழற்சி செய்யலாம் என்பதே இந்தியாவில் 17 சதவீதம் பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அப்போது நோக்கியாவின் பெரும் தொழிற்சாலை ஒன்று ஸ்ரீபெரும்புதூரில் ஓடிக்கொண்டிருந்தது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. ஆலை போய்விட்டது, அங்கே தமிழ்நாட்டுப் பெண்களின் கைகள் பூட்டிய பட்டன் போன்கள் இன்னும் எத்தனையோ வீட்டு பீரோக்களில் இருக்கின்றன.

பிறகு 4ஜி வந்தது, பட்டன் போன் டச் போனுக்கு வழிவிட்டது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போனை மாற்றுவது வழக்கமாகிவிட்டது. ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட 2024ஆம் ஆண்டின் உலக மின்கழிவு அறிக்கையின்படி, 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் மட்டுமே. மின்கழிவை உண்டாக்குவதில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து மூன்றாவது இடத்தில் நிற்கிறது இந்தியா.

போன் பீரோவில் கிடப்பதில் உடனடி ஆபத்து குறைவுதான். ஆனால் பீரோ அதன் கடைசி இடமாக இருப்பதில்லை. வீடு மாறும்போதும், பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போதும் அது வெளியே வருகிறது. அந்த நேரத்தில் வாசலில் யார் நிற்கிறாரோ, அவர் கைக்குத்தான் போகிறது.

ஒரு போனுக்குள் இருப்பது

ரிப்பேர் கடையில் ஒரு போனைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பின்மூடியைச் சூடாக்கி ஒட்டுப்பசையை இளக்குகிறார்கள். மெல்லிய தகடு ஒன்றை ஓரமாகச் செருகி மூடியை நெம்புகிறார்கள். எள் அளவு திருகுகள் வரிசையாகக் காந்த விரிப்பில் அடுக்கப்படுகின்றன. முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றுகிறார்கள். பிறகு விரல் நீளமே உள்ள போர்டு வெளியே வருகிறது. மேலே உள்ள தகர மூடியை எடுத்தால் கறுப்புச் சதுரங்களாக ஐசி என்னும் சில்லுகள். “போர்டு டெட்” என்று சொல்லிவிட்டால், உரிமையாளருக்கு அந்தப் போனின் கதை முடிந்தது. கடைக்காரருக்கு முடியவில்லை. ஸ்பீக்கர், கேமரா, சார்ஜிங் பின், நல்ல நிலையில் உள்ள ஐசி என்று வேறு போன்களுக்கு ஆகும் பாகங்களை அவர் எடுத்துக்கொள்கிறார். நம் ஊர்களில் சத்தமில்லாமல் நடக்கும் மிகச் சிறந்த மறுபயன்பாடு இதுதான்.

மிச்சமாகும் போர்டிலும் மதிப்பு உண்டு. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, பேட்டரி நீங்கலாக 113 கிராம் எடையுள்ள அன்றைய கைபேசியில் 16 கிராம் செம்பு, 0.35 கிராம் வெள்ளி, 0.034 கிராம் தங்கம், 0.015 கிராம் பல்லேடியம் இருந்தன. தனியாகப் பார்த்தால் துளி. பத்து லட்சம் போன்களைச் சேர்த்தால் 16 டன் செம்பும், 350 கிலோ வெள்ளியும், 34 கிலோ தங்கமும் வரும்.

கோலார் தங்கவயலைத் தமிழர்கள் மறக்க முடியாது. தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கி வெட்டிய சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சில கிராம் தங்கம்தான் கிடைத்தது. மேற்சொன்ன கணக்கில் ஒரு டன் பழைய போனில் ஏறக்குறைய 300 கிராம் தங்கம் இருக்கிறது. மண்ணைத் தோண்டி எடுப்பதைவிட இது வளமான சுரங்கம். ஆனால் இந்தச் சுரங்கம் கோடிக்கணக்கான வீடுகளில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது.

நஞ்சும் இதே போர்டில்தான் இருக்கிறது. பழைய போன்களின் பற்றவைப்பில் ஈயம் உண்டு. பிளாஸ்டிக்கிலும் போர்டிலும் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் வேதிப்பொருள்கள் உண்டு. திறந்த வெளியில் எரித்தால் இவை டையாக்சின் போன்ற கொடிய நச்சுகளாக மாறிக் காற்றில் கலக்கின்றன.

தவறான வழி எங்கே முடிகிறது

“பழைய செல்போன், ஓடாத செல்போன் எதுவாக இருந்தாலும் கொண்டு வாங்க” என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவுக்குள் வருவதைப் பலரும் பார்த்திருப்போம். போனைக் கொடுத்தால் பிளாஸ்டிக் குடமோ பாத்திரமோ கிடைக்கும். இன்னொரு பக்கம் காயலான் கடை. இரண்டு வழியிலும் போகும் போன் கைமாறிக் கைமாறி, போர்டு தனி, பிளாஸ்டிக் தனி, பேட்டரி தனி என்று பிரிந்து பெரிய வியாபாரிகளிடம் சேர்கிறது. டெல்லியின் சீலாம்பூரும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தும் இந்த வியாபாரத்தில் பெயர் பெற்றவை. மொராதாபாத்தில் போர்டுகளை எரித்த கரிக்கழிவு ராம்கங்கா ஆற்றங்கரையில் குவிந்து, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

அங்கே நடப்பது இதுதான். போர்டை நெருப்பில் வாட்டி ஐசிகளைத் தட்டி எடுக்கிறார்கள். மிச்சத்தை அமிலத்தில் ஊற வைக்கிறார்கள். தங்கத்தைக் கரைக்க ராஜ திராவகம். தங்கம் எடுத்த பிறகு அந்த அமிலம் சாக்கடைக்கோ ஆற்றுக்கோ போகிறது. கையுறையோ முகமூடியோ கிடையாது. குழந்தைகளும் அதே இடத்தில் வளர்கிறார்கள். முறைசாராத் தொழில்களில் உழைக்கும் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் உலகில் 1.8 கோடி பேருக்கு மேல் என்றும், மின்கழிவு பிரிப்பது அத்தொழில்களில் ஒன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஈயம் முதலில் தாக்குவது குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான்.

இத்தனை கேடும் முழுப் பலனைத் தருவதில்லை. பெங்களூரின் சிறு பட்டறைகளில் 2000களில் நடந்த ஆய்வுகள், போர்டில் இருக்கும் தங்கத்தில் கால் பங்கு அளவே அங்கே மீட்கப்படுகிறது என்று கண்டன. நவீன உருக்காலையில் 95 சதவீதம் வரை மீட்கலாம். அதே பெங்களூரு அருகே தாபஸ்பேட்டையில் 2005இல் தொடங்கிய ஈ-பரிசரா, அரசு அங்கீகாரம் பெற்ற நாட்டின் முதல் மின்கழிவு மறுசுழற்சி நிறுவனமாக இதற்கு மாற்று வழி காட்டியது.

குடத்துக்குப் போன் வாங்குபவரையும் காயலான் கடைக்காரரையும் குற்றவாளியாக்குவது தவறு. வீடு வீடாகப் போய்ச் சேகரிக்கும் திறமை அவர்களிடம்தான் இருக்கிறது. எந்தப் பெரிய நிறுவனத்தாலும் அதைச் செய்ய முடியவில்லை. சேகரிப்பு அவர்களிடம் இருக்கட்டும். எரிப்பதும் அமிலத்தில் ஊறவைப்பதும்தான் நிற்க வேண்டும்.

பேட்டரி என்னும் தனி ஆபத்து

பட்டாசுத் தொழிலோடு வாழும் நம் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தீயைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. லித்தியம் பேட்டரியையும் அந்த எச்சரிக்கையோடுதான் தொட வேண்டும். அது குத்தப்பட்டாலோ நசுங்கினாலோ உள்ளே மின்முனைகள் ஒன்றையொன்று தொட்டுச் சூடேறும். அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பித் தீயாகும். குப்பை வண்டிக்குள் நசுங்கும்போது இதுதான் நடக்கிறது. உப்பிய பேட்டரியை அழுத்தக்கூடாது, ஆணியால் குத்திக் காற்றை வெளியேற்றப் பார்க்கக்கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. கழற்ற முடிந்த பேட்டரியானால் முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட உலோக டப்பாவில், எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். கழற்ற முடியாததானால் போனை அப்படியே ரிப்பேர் கடைக்கோ சர்வீஸ் சென்டருக்கோ கொண்டு போங்கள். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன.

சட்டம் சொல்வதும் விட்டதும்

தமிழ்நாடு அரசு 2010இலேயே மின்கழிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மத்திய அரசின் மின்கழிவு விதிகள் 2011இல் வந்து 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2016இல் அவை திருத்தி எழுதப்பட்டன. இப்போது நடப்பில் இருப்பவை 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலான விதிகள். சந்தையில் விற்ற அளவை அடிப்படையாக வைத்து, 2023-24இல் 60 சதவீதம், 2025-26இல் 70 சதவீதம், 2027-28 முதல் 80 சதவீதம் என்று உற்பத்தியாளர்களுக்கு இலக்கு வைத்திருக்கிறார்கள். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கி நிறுவனங்கள் இந்த இலக்கைக் காட்டலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழைய விதிகளில் சேகரிப்பு மையங்களுக்கு இருந்த இடம் புதிய விதிகளில் சுருங்கிவிட்டது. எத்தனை கிலோ மறுசுழற்சி ஆனது என்பதைச் சட்டம் கேட்கிறது. எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. சென்னையில் கிடைப்பதை வைத்தே இலக்கை எட்டிவிட முடியுமானால், கிருஷ்ணன்கோவிலுக்கு வண்டி அனுப்ப எந்த நிறுவனத்துக்கும் கட்டாயம் இல்லை.

கணக்கையும் பார்க்கலாம். சான்றிதழுக்கு நிறுவனங்கள் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகையை அரசு 2024இல் நிர்ணயித்தது. ஸ்மார்ட்போனுக்குக் கிலோவுக்கு 34 ரூபாய். ஒரு போன் ஏறக்குறைய 200 கிராம் என்றால் கிலோவுக்கு ஐந்து போன். ஒரு போனுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. உலோகத்தை விற்று வரும் பணம் தனி என்றாலும், தமிழகத்தின் பல மறுசுழற்சி ஆலைகள் சென்னையைச் சுற்றியே இருக்கின்றன. இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். ஒற்றைப் போனுக்கு வண்டி வராது. மூட்டையாகச் சேர்ந்தால் வரும். பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு இடைவெளியும் உண்டு. குப்பையோடு கலந்து வரும் மின்கழிவைப் பிரித்துச் சேகரித்துப் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு அனுப்பும் கடமையை 2022 விதிகள் உள்ளாட்சிகளுக்கு அளித்துள்ளன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகள் அந்த வரம்புக்குள் வருகின்றன. ஆனால் ஊராட்சிப் பகுதிகளில் வாழ்பவர்கள் கையிலும் அதே போன்தான் இருக்கிறது. அங்கே சேகரிக்க நிதியும் ஆளும் இல்லாவிட்டால் விதி தாளிலேயே நின்றுவிடும்.

அகற்றுவதற்கு முன் ஆயுளை நீட்டுங்கள்

மறுசுழற்சி கடைசிப் படி. மிக நவீன ஆலையில்கூட செம்பும் தங்கமும் வெள்ளியும் பல்லேடியமும் மீளும். டாண்டலமும் அருமண் உலோகங்களும் பெரும்பாலும் கசடோடு போய்விடும். மேலும், ஒரு ஸ்மார்ட்போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அது கடைக்கு வருவதற்கு முன்பே, உற்பத்தியிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதுதான் எந்த மறுசுழற்சியையும்விடப் பெரிய நன்மை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு ஆண்டுகள் உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும், ஐந்து ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு தர வேண்டும் என்று கைபேசி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியுள்ளது. இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. அது தகவல் தருகிறது, கட்டாயப்படுத்துவதில்லை. நம் ரிப்பேர் கடைக்காரர்களுக்கு அசல் உதிரி பாகம் நியாய விலையில் கிடைக்கும்படி செய்வது அடுத்த படியாக இருக்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

போனைக் கொடுக்கத் தயங்குவதற்குப் பலருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, ஒரு நியாயமான அச்சம் உண்டு. உள்ளே குடும்பப் படங்கள் இருக்கின்றன, வங்கிக் கணக்கோடு இணைந்த செயலிகள் இருக்கின்றன. இந்த அச்சத்தைத் தீர்க்காமல் எந்தச் சேகரிப்புத் திட்டமும் வெற்றி பெறாது.

ஓடும் போனாக இருந்தால் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். பணப்பரிமாற்றச் செயலிகளிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்தும் வெளியேறுங்கள். கணக்கை நீக்காமல் விட்டால் அடுத்தவர் அந்தப் போனைத் திறக்க முடியாது. நல்ல போன் வெறும் கழிவாகிவிடும். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, அமைப்புகளுக்குள் போய் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். சமீப ஆண்டுகளில் வந்த போன்களில் தகவல் மறைகுறியாக்கம் செய்தே சேமிக்கப்படுவதால், ரீசெட் செய்தபின் அதை மீட்பது மிகக் கடினம். சிம்மை நிறுத்துவதானால் வங்கியிலும் ஆதாரிலும் எண்ணை முதலில் மாற்றிவிடுங்கள். அந்த எண் பிறகு வேறொருவருக்குப் போகும்.

ஓடாத போனில் ரீசெட் செய்ய வழியில்லை. சுத்தியலால் உடைப்பது பேட்டரியால் ஆபத்து. அத்தகைய போனைப் பதிவு பெற்ற நிறுவனத்துக்கோ தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கோ மட்டும் கொடுங்கள். பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. பழைய போன் வாங்குபவர்கள் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்தால், அது திருட்டுப் போன் என்று பதிவாகியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கிருஷ்ணன்கோவிலில் என்ன செய்யலாம்

2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை ஜப்பான் மக்கள் தந்த பழைய மின்சாதனங்களிலிருந்துதான் டோக்கியோ ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளின் ஏறக்குறைய 5,000 பதக்கங்களும் செய்யப்பட்டன. அவற்றில் கைபேசிகள் மட்டும் 62.1 லட்சம். கிடைத்த தங்கம் 32 கிலோ. நாட்டின் உள்ளாட்சிகளில் பத்தில் ஒன்பது பங்கு சேகரிப்பில் சேர்ந்திருந்தன. கைபேசிக் கடைகளிலும் போனைக் கொடுக்கலாம். மக்கள் அன்றாடம் போய்வரும் இடத்திலேயே பெட்டி இருந்ததுதான் அந்தத் திட்டத்தின் பலம்.

நம்மிடமும் அதற்கான அடித்தளம் இருக்கிறது. ஓர் ஆண்டில் ஆயிரம் மின்சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் எந்த நிறுவனத்தையும் 2022 விதிகள் பெருநுகர்வோர் என்கின்றன. கணினிக்கூடமும் விடுதியும் உள்ள பெரிய கல்லூரி எதுவும் இதில் வந்துவிடும். அது தன் மின்கழிவைப் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். அப்படியானால் கல்லூரிக்கு எப்படியும் மறுசுழற்சி வண்டி வரத்தான் வேண்டும். அந்த வண்டியிலேயே ஊர்ப் போன்களும் போகட்டும். கல்லூரி வாசலில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று, உள்ளே பாதுகாப்பான சேமிப்பு அறை ஒன்று, ஆண்டுக்கு இரண்டு முறை அனுப்பியதற்கான எடைச்சீட்டைப் பொதுவில் ஒட்டும் வழக்கம் ஒன்று. இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கிராமங்களுக்குப் போகும் மாணவர்கள், மகளிர் சுய உதவிக்குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து போனில் உள்ள தகவலை அழிக்கக் கற்றுக்கொடுக்கலாம். அன்றே சேகரித்தும் வரலாம்.

ரிப்பேர் கடைகளும் காயலான் கடைகளும் இந்த ஏற்பாட்டில் கூட்டாளிகளாக வேண்டும். செத்த போர்டுக்கும் உப்பிய பேட்டரிக்கும் எடை பார்த்து உரிய விலை கொடுத்தால், அவர்களே மூட்டையைச் சேர்த்துக் கொண்டுவந்து தருவார்கள். ஊராட்சித் தூய்மைக் காவலர்களுக்குக் குப்பையில் வரும் போனையும் பேட்டரியையும் தனியே எடுத்துவைக்க ஒரு டப்பாவும் பயிற்சியும் ஊக்கத்தொகையும் கொடுக்க வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகள் மின்கழிவு வாங்கும் இடத்தையும் நாளையும் அலுவலக வாசலில் எழுதிப் போடட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் ஆண்டுதோறும் இந்தக் கணக்கைக் கேட்டு வெளியிட வேண்டும். ஊராட்சிகளும் மின்கழிவைச் சேகரிக்க வேண்டும், அதற்கான நிதியை மத்திய அரசு தர வேண்டும்.

வாசகர்கள் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே வீட்டில் கிடக்கும் பழைய போன்களை வெளியே எடுங்கள். ஓடுவதைச் சரிசெய்து தேவைப்படும் ஒருவருக்குக் கொடுங்கள். ஓடாததைக் குப்பையிலும் போடாதீர்கள், குடத்துக்கும் மாற்றாதீர்கள். தெருவில் நான்கு வீட்டுப் போன்களைச் சேர்த்து, ராஜபாளையத்துக்கோ மதுரைக்கோ போகும் ஒருவர் மூலம் அந்தந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்து, ரசீது கேட்டு வாங்குங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நம் ஊருக்கு ஒரு சேகரிப்புப் பெட்டி வேண்டும் என்று எழுந்து கேளுங்கள்; அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.